உலைக்குள் வைத்த உத்திரம்

அன்புள்ள எழில்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் நான் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். "அம்மா, நீ நித்யாகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாரேன். உன் பேச்சைன்னா அவ கேப்பா" என்றாய். கல்யாணமாகி இரண்டாவது மாதமே அவள் வேலைக்காகப் புனேவுக்குப் போய் ஒரு வருடம் இருக்க வேண்டும் என்பது உன்னைக் கலங்கடித்திருக்கிறது. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆசைப்பட்டுக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் நான் அவளிடம் பேசப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடிதம் முடியும்வரை நீ காத்திருக்க வேண்டாம். ஏன் பேசமாட்டேன் என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், இரண்டு பேருக்கும் சொல்ல வந்த விஷயம் மறந்துபோகும்.

நான் வேலூரில் சிவில் டிப்ளமோ முடித்தவள் என்பது உனக்குத் தெரியும். தொண்ணூற்றொன்றில் கல்யாணமாகிப் பெங்களூர் ஜீவனஹள்ளிக்கு வந்தேன். உன் அப்பாவுக்கு அப்போதே சிவாஜிநகரில் அந்தக் கடை இருந்தது. பட்டன், ஜிப், லைனிங் துணி, தையல்காரர்களுக்கு வேண்டிய எல்லாச் சில்லறைச் சாமானும் விற்கிற கடை. நீ ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும் நான் ஒரு கட்டடப் பொறியாளரின் அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலையில் சேர்ந்தேன். ராகவேந்திரா சாரை உனக்கு ஞாபகம் இருக்கும், தீபாவளிக்கு உனக்கென்று தனியாக ஒரு டப்பா மைசூர்பாக் கொடுத்தனுப்புவாரே, அவர்தான். பென்சிலில் ஆரம்பித்து, கணினியில் வரைவதற்கு வந்து, பிறகு கணக்குப் போடுகிற மென்பொருள்கள் வரை ஒவ்வொன்றாக அவர் அலுவலகத்தில்தான் கற்றுக்கொண்டேன். பட்டம் இல்லாதவள் என்று ஒருநாளும் அவர் என்னை ஓரமாக உட்கார வைத்ததில்லை.

நீ எட்டாவது படிக்கும்போது ஒரு கம்பெனி அவரைத் தேடி வந்தது. இரும்பு உத்திரங்களைச் சுற்றிப் பெட்டிபோல அடிக்கிற தீத்தடுப்புப் பலகை செய்கிறவர்கள். இரும்பு எரியாது, ஆனால் சூடு ஏறினால் பலம் போய்த் தொய்ந்துவிடும். மேலே இருக்கிற தளமும் அதோடு இறங்கும். அந்தச் சூடு ஏறுவதைத் தாமதப்படுத்தி, உள்ளே இருக்கிற மனிதர்கள் வெளியேற நேரம் வாங்கிக் கொடுப்பதுதான் அந்தப் பலகையின் வேலை. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க, உத்திரத்தை ஓர் அறை அளவுள்ள உலைக்குள் வைத்துச் சுடுவார்கள். அதற்குச் செலவும் அதிகம், உலை கிடைப்பதும் கஷ்டம். அதனால் கணினிக்குள்ளேயே அந்த உலையைக் கட்டி, தீயை மூட்டி, உத்திரத்தை வைத்துப் பார்த்தால் நிஜப் பரிசோதனைகளைக் குறைக்கலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். தீ எப்படிப் பரவும், புகை எங்கே போகும், சூடு எங்கே ஏறும் என்று கணக்கிட்டுக் காட்டுகிற மென்பொருள் அப்போதுதான் நம் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. அதைக் கற்றுக்கொள்ளச் சென்னையில் இரண்டு வாரப் பயிற்சி. "நீவு ஹோகி பன்னி அம்மா, நீங்களே போயிட்டு வாங்க. உங்களை விட்டா இங்க பொறுமையா உக்கார யார் இருக்காங்க?" என்றார் சார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் வேணாம். வூட்ட யாரு பாத்துக்கறது? புள்ளைய யாரு ஸ்கூலுக்கு அனுப்பறது?" என்றார். அடுத்த சில நாள்கள் நம் வீட்டில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது. நீகூட "என்னம்மா, ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டாய். அப்பா தன் பக்கம் பேச ஆள் வேண்டும் என்று அடுத்த தெருவில் இருந்த உன் அத்தையிடம் போயிருக்கிறார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிடா, அவ போவலன்னா உனக்கு இன்னா லாபம்?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். இதை அவரே பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார். அன்றைக்குக் கடையிலிருந்து வந்தவர் சட்டைப் பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்து டிவி மேல் வைத்தார். "ஜன்னல் சீட்டு கெடைக்கல" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. அந்த இரண்டு வாரமும் நீங்கள் இருவரும் என்ன சாப்பிட்டீர்கள் என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. தக்காளித் தொக்கு என்ற பெயரைக் கேட்டாலே நீ முகம் சுளிப்பதை வைத்து ஓரளவு யூகித்திருக்கிறேன்.

கற்றுக்கொண்டு வந்து நான் கணினியில் கட்டிய முதல் உலை சூடே ஏறவில்லை. நிஜ உலையில் எத்தனை பர்னர் உண்டோ அத்தனையும் வைத்தேன். எரிவாயுவைச் சரியாகக் கொடுத்தேன். அளவெல்லாம் சரி. ஒரு கணக்கு ஓடி முடிய வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கள்வரை ஆகும். திங்கள்கிழமை காலையில் ஆசையாகப் போய்ப் பார்த்தால் உத்திரம் வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கும். பல திங்கள்கிழமைகள் இப்படியே போயின. கடைசியில் ஒருநாள் கண்டுபிடித்தேன். உலையின் செங்கல் சுவர்களுக்கு அவை செங்கல் என்று நான் சொல்லவே இல்லை. நாம் சொல்லாவிட்டால் சுவர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும் என்று அந்த மென்பொருள் எடுத்துக்கொள்ளும். தீயின் சூட்டையெல்லாம் சுவர் விழுங்கிக்கொண்டிருந்தது. நிஜத்தில் சுவர் தானும் பழுத்து, அந்தச் சூட்டை உத்திரத்தின் மேல் திருப்பி வீசும். சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, "பரவாகில்லம்மா. ஒரு மாசம் ஃபிரிட்ஜ்ல சமைச்சிருக்கீங்க, அவ்ளோதானே" என்றார். அந்தச் சிரிப்புக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். வேறு இடமாக இருந்திருந்தால் அன்றே என்னைப் பழையபடி வரைபடத்துக்கு அனுப்பியிருப்பார்கள்.

சுவரைத் திருத்திய பிறகு எல்லாம் மளமளவென்று கூடி வந்தது. உலை ஊருக்கு வெளியே, சந்தாபுராவைத் தாண்டி ஒரு தொழிற்சாலை வளாகத்துக்குள் இருந்தது. அங்கே குட்டையான உத்திரத் துண்டுகளைப் பலகை அடித்து, மேலே எந்தப் பாரமும் ஏற்றாமல் சுட்டுப் பார்த்தார்கள். சூட்டை அளக்க உத்திரத்தில் பதித்த கம்பிகள் சொன்ன சூடும் என் கணக்கு சொன்ன சூடும் காகிதத்தில் வரைந்த கோடுகளாக ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. கம்பெனியின் இன்ஜினியர் தினகர் சென்னைக்காரர், நல்ல மனிதர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். அவர் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்போது நகரத்தில் ஒரு மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் நீண்ட உத்திரங்களுக்கெல்லாம் இந்தப் பலகைதான். தனியாக நிஜப் பரிசோதனை வேண்டாம், கணினி முடிவை வைத்தே இரண்டு மணி நேரம் தாங்கும் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சுட்ட துண்டு ஆறிய பிறகு நான் கிட்டப்போய்ப் பார்த்திருந்தேன். இரண்டு பலகை சேர்கிற இடத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசலும், அதன் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடும் இருந்தன. சின்னத் துண்டில் ஓர் இணைப்புத்தான். பாரமும் இல்லை. ஆனால் கட்டடத்தில் இருக்கிற நீள உத்திரம் மேலே சுமையோடு இருக்கும், சூடு ஏற ஏற நடுவில் தொய்யும். தொய்ந்தால் அடியில் உள்ள இணைப்புகள் வாய் திறக்கும். என் மென்பொருளுக்குத் தீயைத் தெரியும், சூட்டைத் தெரியும். உத்திரம் வளைவது தெரியாது. நான் இணைப்பை மூடியே வரைந்திருந்தேன், அதனால் அதில் இணைப்பு எப்போதும் மூடியே இருக்கும்.

தினகரிடம் சொன்னேன். "மேடம், உங்க கர்வும் ஃபர்னஸ் கர்வும் அச்சு அசலா பொருந்துது. இன்னும் என்ன சந்தேகம்? நீங்க செஞ்ச வேலையை நீங்களே நம்பலைன்னா எப்படி?" என்றார்.

"நம்பறேன் சார். அது பாத்த அளவுக்கு நம்பறேன். பார்க்காத விஷயத்தை அது எப்படிச் சொல்லும்?"

"கட்டடம் ரெடி ஆயிடுச்சு மேடம். ஃபர்னஸ் கிடைக்கவே மாசக்கணக்கில் ஆகும்."

சாரிடம் போனேன். அறிக்கையின் முடிவுரையை எப்போதும் நான்தான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். "அந்த வரியை நான் எழுத மாட்டேன் சார். பாரத்தோட ஒரு தடவை சுட்டுப் பாக்கணும்" என்றேன். அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "இவங்க போயிட்டா அடுத்த வருஷம் ஆபீசுக்கு வேலையே இல்லை, தெரியுமா உங்களுக்கு?" என்றவர், என் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போய்விட்டார்.

அன்று வீட்டில் நீ படித்துக்கொண்டிருந்தாய், பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகும் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, இடையில் என்னை நிறுத்தினார். "இரு. பலகை, இணைப்பு, நீ சொல்றது எனக்கு பாதிதான் புரியுது. நீ பயப்படறது முழுசா புரியுது. நீ சும்மா பயப்படற ஆளு இல்ல" என்றார். எழில், கல்யாணமாகி இத்தனை வருடங்களில் எனக்குக் கிடைத்த பரிசுகளில் அந்த வார்த்தையைத்தான் முதலில் வைப்பேன். தனக்குப் புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு யோசனை சொல்லவில்லை. நான் யார் என்று தனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார். நித்யா தன் வேலையைப் பற்றிப் பேசும்போது உனக்கும் பாதி புரியாமல் போகும். அப்போது புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படாதே.

மூன்றாம் நாள் சார் என் மேஜைக்கு வந்தார். அவரும் போய் அந்தச் சுட்ட துண்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் என்பது அவர் சொல்லாமலே ஷூவில் ஒட்டியிருந்த செம்மண்ணில் தெரிந்தது. "கம்பெனிகிட்டே பேசிட்டேன். ஒரே ஒரு டெஸ்ட். அது நல்லா போச்சுன்னா நாம ரெண்டு பேரும் அவங்க மூஞ்சில முழிக்க முடியாது, தெரிஞ்சுக்கோங்க" என்றார். யாரோ பதிவு செய்துவிட்டுக் கைவிட்ட நாள் ஒன்று உலையில் காலியாக இருந்தது. எந்த நாள் என்று பார்த்தால் உன் கணக்குப் பரீட்சை நாள்.

உனக்குக் கணக்கு என்றாலே அப்போது பயம். உன்னை விட்டுவிட்டுப் போவதா என்று நான் மருகிக்கொண்டிருந்தபோது நீ தலையை நிமிர்த்தாமல், "நீ இங்க இருந்தாலும் பரீட்சையை நான்தானேம்மா எழுதணும்? நீ போய் உன்னுதை எழுது" என்றாய். பதினைந்து வயதுப் பையன் சொன்ன சொல். நீ அதை எப்போதோ மறந்திருப்பாய். அன்று அப்பா கடையைத் திறக்கவே இல்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, பரீட்சை முடியும்வரை கேட்டுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நான் சிவாஜிநகரில் பஸ் மாறி, ஓசூர் ரோட்டில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த புழுதியில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது உலையை மூட்டத் தயாராக இருந்தார்கள். நீள உத்திரம், பலகையெல்லாம் அடித்து, மேலே பாரம் ஏற்றி வைத்திருந்தது. மூட்டினார்கள். முதல் அரை மணி நேரம் எல்லாம் என் கணக்குப்படியே போனது. தினகர் என்னைப் பார்த்துச் சிரித்தார், கேலியாக இல்லை, சமாதானமாக. எனக்குமே ஆசை வந்தது, எல்லாம் நல்லபடி முடியட்டும், நான் முட்டாள் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை என்று. ஒரு மணி நேரம் ஆகும்போது உத்திரம் நடுவில் லேசாக இறங்கத் தொடங்கியது. உலைச் சுவரில் கண்ணாடி பதித்த ஒரு சின்னத் துவாரம் இருந்தது. நான் அதன் வழியாகப் பார்த்தேன். அடிப்பக்கத்து இணைப்பு ஒன்று மெதுவாக அகன்று, உள்ளே இருந்த இரும்பு சிவப்பாகத் தெரிந்தது. அந்த இடத்துக் கம்பி காட்டிய சூடு என் கோட்டை விட்டுத் தனியாக மேலே ஏறிப் போனது. கொஞ்ச நேரத்தில் உத்திரம் இனித் தாங்காது என்று உலைக்காரர்கள் தீயை அணைத்தார்கள். கேட்டது இரண்டு மணி நேரம். கிடைத்தது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

தினகர் வெகுநேரம் அந்தத் துவாரத்தின் பக்கத்திலேயே நின்றார். பிறகு என்னிடம் வந்து, "மேடம், அங்க மூணாவது மாடில குழந்தைங்க வார்டு வருது" என்றார். நான் ஜெயித்ததாக எனக்குத் தோன்றவே இல்லை. சார் தன் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது நீ கேள்வித்தாளை விரித்து வைத்து அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். அவரும் ரொம்பத் தெரிந்தவர்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "உன்னுது என்ன ஆச்சும்மா?" என்று கேட்டாய். "ஃபெயில் ஆச்சுடா, நல்லவேளையா" என்றேன். நீ ஒன்றும் புரியாமல் விழித்தாய்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனிக்காரர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்கு நான் நன்றி கெட்டவளாவேன். மறைக்கவில்லை, மழுப்பவில்லை. ஒவ்வோர் இணைப்புக்கும் பின்னால் இன்னொரு பட்டைப் பலகையை வைத்து, உத்திரம் வளைந்தாலும் வாய் திறக்காதபடி மாற்றினார்கள். தொய்கிற உத்திரத்தில் இணைப்பு எவ்வளவு அகலும் என்று சார் தனியாகக் கணக்குப் போட்டுத் தர, நான் அந்த இடைவெளியோடு உலையை மறுபடி கணினியில் கட்டினேன். இந்தத் தடவை முன்பு தோற்ற உத்திரத்தின் சூடு என் கோட்டோடு கூடவே வந்தது. புதுப் பட்டை வைத்தால் தாங்கும் என்றும் காட்டியது. ஆனாலும் எழுதிக் கொடுக்கும் முன் இன்னொரு தடவை நிஜமாகச் சுட்டுப் பார்க்கலாம் என்று இந்த முறை சொன்னவர் தினகர்தான். மருத்துவமனை திறக்கிற நாளைத் தள்ளி வைத்தார்கள். எல்லா உத்திரத்திலும் பலகையைக் கழற்றித் திரும்ப அடித்தார்கள். அங்கே இதுவரை தீ எதுவும் பிடித்ததில்லை. பிடிக்கவே வேண்டாம். அந்தப் பலகைகள் தங்கள் வேலையைச் செய்ய வேண்டிய அவசியம் வராமலே பழையதாகிப் போகட்டும்.

அந்தக் கடைசிப் பரிசோதனைக்கு உன்னையும் அப்பாவையும் நான் கூப்பிடவில்லை. உனக்கு லீவு. முதல்நாள் அப்பாவே, "நாங்களும் வரலாமா? உள்ள வுடுவாங்களா?" என்று கேட்டார். கடைக்குப் போட்டுக்கொண்டு போகாத நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் இருவரும் சுவரோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். உத்திரம் வளைந்தது, இணைப்பு திறக்கவில்லை, இரண்டு மணி நேரம் தாண்டியது. சார் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் துவாரத்தைக் காட்டினார். அப்பா குனிந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சூட்டில் முகம் சிவந்திருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நம் தெருக்காரர் ஒருவர் ஏறினார். சந்தாபுராவில் ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர். நீ தூங்கிவிட்டாய், என் தோளில் சாய்ந்துகொண்டு. "இன்னாப்பா, குடும்பத்தோட இந்தப் பக்கம்? விசேஷமா?" என்று அப்பாவிடம் கேட்டார். அதுவரை என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் அப்பா, "ஆபீசுக்குப் போறா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அன்று அவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விசேஷம்தான். ஒரு ஆஸ்பத்திரி தீப்புடிச்சா எவ்ளோ நேரம் நிக்கும்னு இவங்கதான் கண்டுபிடிச்சிருக்காங்க. அதைப் பாக்கப் போயிட்டு வரோம்" என்றார். என்னை அவர் 'இவங்க' என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓசூர் ரோடு முழுக்க ஒரே புழுதி, கண் கலங்கியதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

அந்த மனிதர் வளர்த்த பிள்ளை நீ. நித்யாவும் உன்னைக் குறித்து இப்படி ஒரு கதையைத் தன் பிள்ளைக்கு எழுதும் நாள் வரட்டும்.

அம்மா